மார்கழியில் வெட்டிய மா பூக்கவில்லை, கொய்யா எட்டாத உயரத்தில் காய்க்கிறது: கவாத்து எப்போது, எப்படி?

கொல்லைவாசல் எழுதியது (ஆவணி முதல் வாரம்)

வணக்கம். பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணி போகும் வழியில் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் ஏழெட்டு சென்ட் கொல்லை. 2018 நவம்பரில் கஜா அடித்த ராத்திரி அங்கே நின்ற ஐந்து தென்னையும், என் மாமனார் வைத்த நீலம் மாமரமும் விழுந்துவிட்டன. விடிந்து பின்கதவைத் திறந்தால் கொல்லை முழுக்க வெளிச்சமாக இருந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்து அத்தை திண்ணையில் உட்கார்ந்தவர்தான், மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. மாமா அதற்கு முந்தின வருஷம்தான் காலமாகியிருந்தார்.

அடுத்த ஆடியில் அத்தை தனியாளாக நின்று நான்கு கன்று வைத்தார். ஒரு லக்னோ 49 கொய்யா, ஒரு பங்கனபள்ளி ஒட்டு, ஒரு எலுமிச்சை, ஒரு சப்போட்டா ஒட்டு. ஆடு கடிக்காமல் முள் கட்டியது, கரையானுக்கு வேப்பம்புண்ணாக்கு போட்டது, குடத்தில் தண்ணீர் தூக்கியது எல்லாம் அவர்தான். ஆறு வருஷம் ஆகிவிட்டது. மரங்கள் நன்றாக வளர்ந்திருக்கின்றன. ஆனால் ஒரு கிளையிலும் கத்தி படக் கூடாது என்பது அத்தையின் கட்டளை. வெட்டினால் மரம் அழும் என்பார். கஜாவில் அவர் பட்டதைப் பார்த்தவள் நான், அதனால் எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

இப்போது நிலவரத்தைச் சொல்கிறேன். கொய்யா பதினைந்து அடிக்கு மேல் போய்விட்டது. நாலைந்து கிளைகள் கம்பு மாதிரி நேராக மேலே ஏறியிருக்கின்றன. காய் எல்லாம் உச்சியில். கிளிக்கும் அணிலுக்கும் வௌவாலுக்கும் போக, கீழே விழுந்து உடைந்ததுதான் எங்களுக்குக் கிடைக்கிறது.

எலுமிச்சையில் ஒரு வருஷமாக நடுவிலிருந்து கட்டைவிரல் பருமனில் நேரான கிளைகள் கிளம்பி நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் முள் ஒரு அங்குலம். அவற்றில் ஒரு காய்கூட இல்லை. சப்போட்டாவில் அடித்தண்டிலிருந்து வேறு மாதிரி இலையோடு ஒரு கிளை வந்திருக்கிறது. சிறிய, தடித்த இலை, நுனியில் கிள்ளி எடுத்தது போல் ஒரு வெட்டு. இது என்ன?

கடைசியாக மா. இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், மனசு வரவில்லை. போன மார்கழியில் அத்தை நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தார். மாமரத்தின் மேற்குப் பக்கக் கிளைகள் மாடி ஜன்னலில் உரசிக்கொண்டிருந்தன. தெருவில் வேறு வீட்டுக்கு மரம் வெட்ட வந்த ஒருவரைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தை மட்டும் கழிக்கச் சொன்னேன். அவர் அரிவாளால் நான்கு பெரிய கிளைகளை வெட்டினார். ஒன்று பாதி வெட்டியதும் தன் பாரத்திலேயே முறிந்து, அடிமரத்துப் பட்டையை ஒரு முழத்துக்கு உரித்துக்கொண்டு விழுந்தது. மாசியில் கிழக்குப் பக்கம் நன்றாகப் பூத்தது. மேற்குப் பக்கம் வெறும் இலை, ஒரு பூங்கொத்துகூட இல்லை. வெட்டிய முனைகளில் கொத்துக் கொத்தாக மெல்லிய குச்சிகள் வந்திருக்கின்றன. பட்டை உரிந்த இடம் கறுத்துப் போய் மழைநீர் தேங்குகிறது.

அத்தை ஊரிலிருந்து வந்ததும் நேரே மரத்துக்குப் போய் அந்தக் காயத்தில் கை வைத்துப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் கேட்பது இதுதான். எந்த மரத்தை எப்போது, எவ்வளவு வெட்டலாம்? வெட்டக் கூடாதது எது? அந்த மாமரத்தைக் காப்பாற்ற முடியுமா?


செம்மண் எழுதியது

இவ்வளவு யோசிக்க வேண்டாம் சகோதரி. கொய்யாவைப் பயப்படாமல் வெட்டலாம், வெட்ட வெட்டக் காய்க்கும். எங்கள் வீட்டில் இடுப்பளவுக்கு வெட்டிவிட்டோம், அடுத்த வருஷமே கை எட்டும் உயரத்தில் காய். நான்கு மரத்தையும் ஒரே நாளில் பாதி உயரத்துக்கு இறக்கிவிடுங்கள். ஒரு ஆள் கூலியில் வேலை முடிந்துவிடும்.


பந்தல் எழுதியது

தங்கச்சி, வணக்கம். செம்மண் சொன்னது கொய்யாவுக்கு மட்டும் சரி. மற்ற மூன்றையும் தயவுசெய்து அப்படிப் பாதியாக இறக்கிவிடாதீர்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எனக்குக் கம்பம். பதினான்கு வயதில் அப்பாவோடு திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வேலைக்கு இறங்கினேன், இப்போது அறுபதைத் தொடப் போகிறேன். 2023இல் புவிசார் குறியீடு வாங்கியதே எங்கள் பன்னீர் திராட்சை, அந்தக் கொடிதான் எனக்குச் சோறு போட்டது. திராட்சையில் கவாத்து இல்லாவிட்டால் பழமே இல்லை. முற்றிய குச்சியில் நாலு கண் விட்டு வெட்டினால் அந்தக் கண்ணிலிருந்து வரும் துளிரில் குலை வரும், வெட்டிய நாலு மாதத்தில் பழம். முதல் நாள் என் கையில் கத்தரியைக் கொடுத்த அப்பா, "குச்சியைப் பார்க்காதே, கண்ணைப் பார்" என்றார். குலை குச்சிக்குள் எங்கே இருக்கிறது என்று தெரியாதவன் கத்தரியைத் தொடக் கூடாது என்பது அவர் எண்ணம்.

அதையே மற்ற மரங்களுக்கும் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றப் பல வருஷம் ஆயிற்று. இருபத்தைந்து வயதில், வீட்டில் அம்மா வளர்த்த மாமரத்தைத் தை மாதம் திராட்சை மாதிரியே நுனி நுனியாக வெட்டிவிட்டேன். புதுத் துளிர் வரும், அதில் பூ வரும் என்று உறுதியாக நம்பினேன். அந்த வருஷம் ஒரு பிஞ்சு இல்லை. அடுத்த வருஷமும் பெரும்பாலும் இலைதான். அந்த மரத்து மாங்காயில்தான் அம்மா வருஷா வருஷம் ஆவக்காய் போட்டு உறவுக்கெல்லாம் கொடுப்பார். இரண்டு வருஷம் ஜாடி காலியாக இருந்தது. அதனால் உங்கள் மனசு எனக்குப் புரிகிறது.

காரணம் இதுதான். மா புதுத் துளிரில் பூக்காது. துளிர் வந்து, செம்பு நிறம் மாறி, கரும்பச்சையாகி, பல மாதம் முற்றிய பிறகுதான் அதன் நுனியில் பூங்கொத்து வரும். மார்கழியில் உங்கள் மரத்தின் ஒவ்வொரு நுனியும் பூக்கத் தயாராக நின்றது. அந்த நுனிகளை வெட்டியதால் அந்தப் பக்கம் பூ இல்லை. மரத்துக்கு நோய் எதுவும் இல்லை, மண்ணிலும் குறை இல்லை.

கொய்யா நேர் எதிர். அது புதுத் துளிரில்தான் பூக்கும். துளிர் விட்டு இரண்டு மூன்று கணு தாண்டுவதற்குள் இலைக்கக்கத்தில் மொட்டு வைத்துவிடும். நீங்கள் ஆறு வருஷமாக வெட்டாததால் புதுத் துளிர் எல்லாம் உச்சிக்குப் போய்விட்டது, காயும் அதோடு போய்விட்டது. கத்தியை விரும்பும் மரம் என்றால் கொய்யாதான்.

இப்போது ஆவணி. மாவைத் தொடுவதற்கு இதுவே நேரம். பழம் பறித்து முடிந்தாயிற்று, இப்போது துளிர்த்தால் தை, மாசிக்குள் முற்ற அவகாசம் இருக்கும். வேளாண் பல்கலைக்கழகமும் மாவின் உள்கிளைகளை ஆகஸ்ட், செப்டம்பரில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கழிக்கத்தான் சொல்கிறது. வருஷா வருஷம் வேண்டாம். முதலில் மேற்குப் பக்கம் போங்கள். வெட்டிய ஒவ்வொரு முனையிலும் கொத்தாக வந்த குச்சிகளில் வெளிப்பக்கம் பார்த்த, தடியான இரண்டு மூன்றை மட்டும் விட்டு மற்றதை அடியோடு கிள்ளி எடுங்கள். எல்லாவற்றையும் விட்டால் ஒன்றை ஒன்று நெருக்கி எதுவும் முற்றாது.

அப்புறம் மரத்தின் அடியில் நின்று மேலே பாருங்கள். பகல் பதினொரு மணிக்குத் தரையில் புள்ளி புள்ளியாக வெயில் விழ வேண்டும். முழு நிழல் என்றால் நடுவில் நேராக நிற்கும் ஒரே ஒரு கிளையை எடுங்கள், உரசும் கிளை, காய்ந்த குச்சி இவற்றையும் எடுங்கள். மொத்தத்தில் இலையில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. ஆறு வயது மரத்துக்கு இந்த வருஷம் அவ்வளவு போதும்.

பெரிய கிளையை ஒரே வெட்டில் எடுக்கவே கூடாது. உங்கள் மரத்தின் பட்டை உரிந்தது அதனால்தான். கை ரம்பத்தை எடுத்து, அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிக் கால் பாகம் அறுங்கள். அதற்கு இரண்டு அங்குலம் வெளியே தள்ளி மேலிருந்து அறுங்கள். கிளை முறிந்தாலும் கீழே போட்ட வெட்டோடு நின்றுவிடும், பட்டை பிரியாது. மிஞ்சிய ஒரு அடிக் கட்டையை மூன்றாவதாக எடுக்க வேண்டும். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம் மாதிரி கொஞ்சம் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பை விட்டு, அதற்கு வெளியே ஒட்டி அறுங்கள். காயத்தை மூடி வளர்கிற சதை அங்கிருந்துதான் வருகிறது. அதையும் சேர்த்து வழித்து எடுத்தால் காயம் மூடாது, நீளமாகக் கட்டை விட்டாலும் அது காய்ந்து உள்ளே அழுகும்.

எலுமிச்சையில் நேராக நிற்பதன் பெயர் போத்து. தின்னும், காய்க்காது. கிளம்பிய இடத்தோடு எடுத்துவிடுங்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி வரை அடித்தண்டில் எந்தக் கிளையும் வேண்டாம். அதற்கு மேல் எலுமிச்சையில் கை வைக்காதீர்கள், அது தன் உணவை இலையில்தான் வைத்திருக்கும். ஒரு முக்கியமான விஷயம்: மழை பெய்யும் நாளில் எலுமிச்சையை வெட்டாதீர்கள். சொறிநோய் தண்ணீரிலும் கத்தரியிலும்தான் பரவும். கத்தரியை டெட்டால் துணியால் துடைத்துத் துடைத்து வெட்டுங்கள்.

சப்போட்டாவில் வந்திருப்பது சப்போட்டாவே இல்லை. சப்போட்டாவைப் பாலை மரத்தின் நாற்றில்தான் ஒட்டுக் கட்டுவார்கள். நுனியில் வெட்டு உள்ள அந்த இலை பாலையின் இலை. ஒட்டுக்குக் கீழே இருந்து அது கிளம்பியிருக்கிறது. விட்டால் மேலே இருக்கும் சப்போட்டாவை அமுக்கிவிடும். இன்றைக்கே எடுங்கள். மற்றபடி சப்போட்டாவுக்குக் கவாத்து தேவையில்லை. அது கிளை நுனிப் பக்கத்தில் பூக்கும் மரம், மெதுவாக வளரும். நுனியை வெட்டினால் நஷ்டம்தான்.

கொய்யாவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், அத்தையைப் பற்றியும்தான். நாளைக்கு எழுதுகிறேன்.


உப்புக்காற்று எழுதியது

எனக்கு வேதாரண்யம் பக்கம். கஜா எங்களுக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில்தான் கரை ஏறியது. எங்கள் ஊர் மாந்தோப்புகளில் அன்றைக்கு விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்.

அடர்ந்து நின்ற மரம் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கி வேரோடு சாய்ந்தது. அதனால் உள்கிளையைக் கழித்துக் காற்று புகுந்து போக வழி விடுவது நல்லது. பந்தல் அண்ணன் சொன்னது அதற்கும் பொருந்தும். ஆனால் மொட்டையடித்து இறக்கிய மரங்களும் உண்டு. வெட்டு முனையில் கொத்தாக வரும் புதுக் கிளைகள் பட்டையை ஒட்டித்தான் நிற்கும், மரத்தின் வயிரத்தோடு பிடிப்பு இருக்காது. அவை தடித்துப் பாரம் ஏறிய பிறகு ஒரு பெருங்காற்று போதும், அடியோடு பிளந்து வரும். கடலோர மாவட்டத்தில் இருக்கிற யாரும் மாமரத்தை மொட்டையடிக்க வேண்டாம்.

அக்கா, வேலைக்கு முன்னால் மரத்தை ஒரு சுற்றுப் பாருங்கள். இலைகளைச் சேர்த்துப் பின்னிய கூடு இருந்தால் முசுறு எறும்பு. ஏணியில் நிற்கும்போது அது கழுத்தில் இறங்கினால் கையை விட்டுவிடுவோம். மாடிப் பக்கம் கரண்ட் வயர் போகிறது என்றால் இரும்புத் தொரட்டியோ அலுமினியக் கம்போ கூடவே கூடாது. மாம்பால் பட்டால் தோல் வெந்துபோகும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.


கொல்லைவாசல் எழுதியது

இரண்டு பேருக்கும் நன்றி. பந்தல் அண்ணா, நீங்கள் எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் அம்மாவின் ஊறுகாய் ஜாடி காலியாக இருந்த இடம் வந்ததும் திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு "பாலைக் கிளையை எடுத்துடு" என்றார். ஆறு வருஷத்தில் முதல் அனுமதி. இன்று காலை எடுத்துவிட்டேன்.

கொய்யாவுக்கு மட்டும் மனசு வரமாட்டேன் என்கிறது. முதலில் காய்த்த மரம் அதுதான், முதல் பழத்தை மாமா படத்துக்கு வைத்துக் கும்பிட்டார். வெட்டாமல் உயரத்தைக் குறைக்க வழி உண்டா?

மாவின் கறுத்துப்போன காயத்துக்கு என்ன செய்வது? கடையில் பெயிண்ட் பூசச் சொன்னார்கள். ஒருவர் சாணி என்கிறார்.


பந்தல் எழுதியது

வழி உண்டு தங்கச்சி. வெட்ட வேண்டாம், வளையுங்கள்.

கொய்யாக் கிளை நேராக நிற்கும்வரை அதன் நுனிக்கொழுந்துதான் ராஜா. கீழே உள்ள கண்கள் எல்லாவற்றையும் தூங்க வைத்துவிடும். அந்தக் கிளையைப் படுக்க வைத்தால் நுனியின் அதிகாரம் போய், கணுவுக்குக் கணு துளிர் வரும். கொய்யாவில் துளிர் என்றால் பூ. இதைப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் ஒரு பயிற்சியில் பார்த்துவிட்டு வந்து வீட்டில் செய்தேன். திராட்சையில் கொடியைப் பந்தலில் படரவிட்டு வளர்த்த எனக்கு, இது எப்படி இத்தனை நாள் தோன்றாமல் போயிற்று என்று ஆச்சரியமாக இருந்தது.

செய்முறையைச் சொல்கிறேன். முதல் நாள் மரத்துக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள், கிளை இளகும். கட்டைவிரல் பருமன் வரை உள்ள நேர்க்கிளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிடத் தடித்தது வளையாது, முறியும். நுனியில் ஒரு அடிக்கு இலையை விட்டுவிட்டு, மற்ற இலை, பூ, பிஞ்சை எல்லாம் உருவி விடுங்கள். தேங்காய்நார்க் கயிறு நல்லது, நைலான் வேண்டாம், பட்டையை அறுக்கும். கிளையைச் சுற்றிப் பழைய சேலைத் துணியை ஒரு சுற்றுச் சுற்றி, அதன் மேல் கயிற்றைக் கட்டி, மெதுவாக இழுத்து, தரையில் அடித்த முளைக்குச்சியில் கட்டுங்கள். ஒரே நாளில் முழுக்க இறக்க வேண்டாம். இன்றைக்குப் பாதி, நாலு நாள் கழித்து மீதி. எல்லாக் கிளையையும் ஒரே பக்கம் இழுத்துவிடாமல் சுற்றிலும் குடை மாதிரி பிரித்துக் கட்டுங்கள். மூன்று நான்கு வாரத்தில் கிளையின் மேல்பக்கம் முழுக்கத் துளிர் வரிசை கட்டும்.

வளையாத தடிக்கிளைகளை இந்த வருஷம் விட்டுவிடுங்கள். அத்தைக்கு நம்பிக்கை வந்த பிறகு அடுத்த மாசியில் ஒன்றை மட்டும் பாதியாக வெட்டுங்கள். அந்த மரத்துக்குப் பல்கலைக்கழகம் சொல்லும் பருவம் செப்டம்பர், அக்டோபரும் பிப்ரவரி, மார்ச்சும். கிளை நுனியை 10 முதல் 15 செ.மீ. வெட்டினால் போதும் என்கிறார்கள். காய்ப்பு ஓய்ந்த கிழட்டுக் கொய்யாவைத்தான் 75 செ.மீ. உயரத்தில் அடியோடு வெட்டிப் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். உங்களுடையது ஆறு வயசுப் பிள்ளை, அதற்கு அந்த வைத்தியம் வேண்டாம்.

இனி மாவின் காயம். பெயிண்ட் வேண்டாம். கறுத்து மெத்தென்று இருக்கும் பகுதியைக் கூரான உளியால் நல்ல மரம் தெரியும் வரை செதுக்குங்கள். காயத்தின் அடியில் கிண்ணம் மாதிரி குழிவு இருந்தால் தண்ணீர் வழிந்து ஓடும்படி சரிவாக்குங்கள். உரிந்து தொங்கும் பட்டையை நன்றாக ஒட்டியிருக்கும் இடம் வரை நறுக்கிவிடுங்கள். அப்போது சின்ன ஓட்டையோ, மரத்தூள் மாதிரி உதிர்வதோ தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் தண்டுத் துளைப்பான் உள்ளே இருக்கிறது, உடனே எழுதுங்கள்.

செதுக்கிய இடத்துக்குப் போர்டோ பசை பூசுங்கள். எங்கள் பக்கம் தோட்டக்காரர்களுக்குத் தெரிந்த மருந்து, வீட்டிலேயே கலக்கலாம். மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்புக்கல் 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். துத்தத்தைப் பொடித்து அரை லிட்டர் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். சுண்ணாம்பை வேறு வாளியில் மீதி அரை லிட்டரில் நீற்றி ஆறவிடுங்கள். இரண்டையும் மூன்றாவது வாளியில் ஒன்றாக ஊற்றி மரக்குச்சியால் கலக்குங்கள். இரும்பு, அலுமினியப் பாத்திரம் எதுவும் ஆகாது. தேய்த்துப் பளபளப்பாக்கிய ஒரு ஆணியைக் கலவையில் கொஞ்ச நேரம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே பூசிவிட வேண்டும். துத்தம் விஷம், பிள்ளைகள் கை படாமல் வையுங்கள். நீங்களும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பூசிய பிறகு ஒரு நாளாவது மழை இல்லாமல் இருக்க வேண்டும்.

மேற்குப் பக்கம் நிழல் போனதால் அடிமரத்தில் பிற்பகல் வெயில் நேராகப் படும். பட்டை வெடிக்காமல் இருக்க, காயம் இல்லாத இடத்துக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

அத்தையிடம் ஒன்று சொல்லுங்கள். மரம் அழும் என்று அவர் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். கோடையில் வெட்டிய திராட்சைக் குச்சியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடிவதை நாற்பது வருஷமாகப் பார்க்கிறவன் நான். அதே குச்சியில் பத்துப் பதினைந்து நாளில் கண் வெடித்துத் துளிர் வருவதையும் பார்க்கிறேன். பார்த்துச் செய்தால் மரம் தாங்கும். கயிறு கட்டும்போது அவரையும் கூட நிற்கச் சொல்லுங்கள். எந்தக் கிளை எப்போது வந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.


கொல்லைவாசல் எழுதியது (மார்கழி)

எல்லோருக்கும் வணக்கம். நடந்ததைச் சொல்லத் தாமதமாகிவிட்டது, மழைக்காலம் முழுக்க வீட்டுவேலை சரியாக இருந்தது.

ஆவணி கடைசியில் கொய்யாவை வளைத்தோம். ஏழு கிளை. கயிறு நான் கட்டவில்லை, அத்தை கட்டினார். கிளைக்குச் சுற்றியது அவருடைய பழைய சுங்குடிச் சேலை. ஒவ்வொரு கிளையையும் "இரு, இரு, மெதுவா" என்று பேசிக்கொண்டேதான் இழுத்தார். ஒன்று மட்டும் கணுவில் விரிசல் விட்டது. அதைப் பாதியிலேயே நிறுத்தித் துணியால் இறுக்கிக் கட்டினோம், பிழைத்துவிட்டது. புரட்டாசி நடுவில் நீங்கள் சொன்ன மாதிரியே கிளையின் மேல்பக்கம் வரிசையாகத் துளிர். ஐப்பசி மழையில் பூ. நிறையக் கொட்டியது, இருந்தாலும் இப்போது எண்ணினால் நாற்பதுக்கு மேல் காய் நிற்கிறது. எலுமிச்சம்பழ அளவு வந்துவிட்டது. எல்லாம் என் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில். அத்தை தினம் காலையில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறார். அணிலுக்குப் பயந்து பழைய கொசுவலையைக் கிழித்துப் பை தைத்துக்கொண்டிருக்கிறார்.

மாவின் காயத்தைச் செதுக்கியபோது உள்ளே இரண்டு விரல் ஆழத்துக்கு அழுகியிருந்தது. ஓட்டை எதுவும் இல்லை. பசை பூசினேன், ஆணிச் சோதனையில் முதல் தடவை செம்பு ஏறியது, சுண்ணாம்பு சேர்த்தேன். இப்போது காயத்தின் ஓரத்தில் உதடு மாதிரி புதுப்பட்டை உருண்டு வருகிறது. மேற்குப் பக்கம் கொத்துக் குச்சிகளைக் கழித்த பிறகு புரட்டாசியில் செம்பு நிறத்தில் துளிர் வந்தது, இப்போது இலை கரும்பச்சையாகி விறைப்பாக நிற்கிறது. இந்தத் தையில் அந்தப் பக்கம் பூக்குமா என்று தெரியவில்லை. நடுக்கிளையை அத்தை இன்னும் விடவில்லை. நானும் கேட்கவில்லை.

எலுமிச்சையை மழைக்குப் பயந்து தொடவே இல்லை. மழை நின்று பத்து நாள் ஆகிறது. இப்போது போத்து எடுக்கலாமா? கிணற்றடியில் தானாக முளைத்த சீத்தா ஒன்று தலைக்கு மேல் போயிருக்கிறது, அதற்கு எப்போது? இதைக் கேட்கச் சொன்னது அத்தை.


பந்தல் எழுதியது

படித்து மனசு நிறைந்துவிட்டது தங்கச்சி. நாற்பது காய் பெரிய விஷயம்.

எலுமிச்சைப் போத்தை இப்போது எடுக்கலாம், பனி காய்ந்து வெயில் ஏறிய பிறகு. சீத்தாவுக்கு அவசரம் இல்லை. அது இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும், அந்த நேரத்தில் துளிர் வருவதற்கு முன் உரசும் கிளையையும் காய்ந்ததையும் எடுங்கள். தானாக முளைத்தது என்றால் அடியிலிருந்து பல தண்டு வந்திருக்கும், நல்லதாக மூன்று நான்கை விட்டால் போதும்.

மா இலை விறைப்பாகக் கரும்பச்சையாக இருக்கிறது என்றால் முற்றிவிட்டது. இனி பூப் பருவம் முடிகிற வரை அந்த மரத்தில் கத்தி வேண்டாம், தண்ணீரையும் குறைத்துக்கொள்ளுங்கள். பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு தண்ணீர் கொடுங்கள்.

கொய்யாக் கயிற்றை இன்றைக்கே போய்ப் பாருங்கள். மழையில் நார் இறுகியிருக்கும், கிளையும் தடித்திருக்கும். பட்டையில் பதிகிற மாதிரி தெரிந்தால் அவிழ்த்து ஒரு விரல் தள்ளிக் கட்டுங்கள். முழுக்க அவிழ்க்க வேண்டாம், காய் பாரம் ஏறி கிளை அந்த வளைவிலேயே நிற்கப் பழகட்டும்.